வெள்ளை டயரும் அரை டம்ளர் மண்ணெண்ணெயும்

சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது மல்லசமுத்திரம். பருத்தி ஏலம் நடக்கிற ஊர். உள்ளே போனால் விசைத்தறிச் சத்தம். ரோட்டுக்கு வந்தால் லாரிச் சத்தம். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி, சங்ககிரி லாரி, நாமக்கல் டேங்கர் என்று சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். இந்தப் பக்கத்துக் குழந்தைகள் 'அம்மா'வுக்கு அடுத்தபடியாக 'டயர்' என்றுதான் பேசப் பழகும் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

அங்கேதான் என் மாமா வீடு. 1980-களின் கடைசியில், முழுப் பரீட்சை லீவு விட்டால் நான் மல்லசமுத்திரத்தில் இருப்பேன். மாமா பருத்தி வியாபாரி. அவரிடம் ஒரு கறுப்பு பிளைமவுத் கார் இருந்தது. சேலத்தில் யாரிடமோ செகண்ட் ஹேண்டில் வாங்கியது. காரைவிட எனக்குப் பிடித்தது அதன் டயர். கறுப்பு டயரின் பக்கவாட்டில் வேட்டிக்குக் கரை போட்ட மாதிரி வட்டமாக ஒரு வெள்ளைப் பட்டை!

வெள்ளிக்கிழமை காலையில் டிரைவர் அண்ணன் ஒரு வாளித் தண்ணீர், துணி சோப்பு, பழைய பிரஷ் சகிதம் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். நாலு சக்கரமும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஒரு நாள் அவர் வருவதற்குள் நானே கழுவி அசத்திவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் அரை டம்ளர் எடுத்து, துணியில் நனைத்து, முன் சக்கரத்தில் தேய்த்தேன். ஆகா... அழுக்கு அப்படியே துணியில் வந்தது. பட்டை பளபளவென்று ஆனது. சாயங்காலம் பார்த்தால் டீ கொட்டிய மாதிரி பழுப்பு!

மாமா கத்திய கத்தல் தெருமுனை வரை கேட்டது. "எவன்டா இதுல கை வெச்சது?"

டிரைவர் அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "நாந்தானுங்க. மண்ணெண்ண போட்டா சீக்கிரம் போகும்னு நெனச்சுட்டனுங்க" என்றார். அந்த வாரச் சம்பளத்தில் இருபது ரூபாய் பிடித்தம். நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பட்டை ஏன் பழுப்பானது? பதில் தேடப் போனால், நூறு வருடத்துக்கும் மேலான ஒரு கதை வந்து விழுகிறது.

மிச்செலின் டயர் கம்பெனியின் பொம்மையைப் பார்த்திருப்பீர்கள். டயர்களை அடுக்கிச் செய்த குண்டு மனிதர். 1898-ல் பிறந்த அவர் ஏன் வெள்ளையாக இருக்கிறார் என்று யோசித்ததுண்டா? அன்றைக்கு டயரே வெளிர் நிறத்தில்தான் இருந்தது! ரப்பர் மரத்தின் பால் வெள்ளை. அதை உறுதியாக்கச் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடும் வெள்ளை. அதாவது, ஆரம்பத்தில் வெள்ளை டயர் என்பது அந்தஸ்து இல்லை. வேறு வழியில்லாத சமாசாரம். சீக்கிரமே தேய்ந்தும் போகும்.

1904-ல் லண்டன் சில்வர்டவுனில் இருந்த ரப்பர் ஆலையில், கரித்தூளை ரப்பரில் கலந்தால் அது பிரமாதமாக உறுதிப்படுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 'கார்பன் பிளாக்' என்கிற, புகைக்கரி மாதிரியான நைஸான தூள். ஆறேழு வருடத்தில் அமெரிக்காவின் குட்ரிச் கம்பெனி அதைப் பிடித்துக்கொண்டது. அவர்களுக்குக் கரித்தூள் விற்ற கம்பெனி எது தெரியுமா? 'கிரேயோலா' கிரேயான் செய்த பின்னி அண்ட் ஸ்மித்! குழந்தைகளின் கலர் பென்சிலும் காரின் டயரும் ஒரே கடைச் சரக்கு.

டயருக்கு ஆயுள் பல மடங்கு கூடியது. ஆனால் கரித்தூளை முதலில் எல்லா இடத்திலும் போடவில்லை. ரோட்டில் தேய்கிற இடத்துக்கு மட்டும் கறுப்பு. பக்கவாட்டில் பழைய வெள்ளையே இருந்தது. சிக்கனத்தில் பிறந்த அந்தப் பாதிக் கறுப்பு, பாதி வெள்ளைதான் பின்னாளில் ஃபேஷன் ஆனது.

சிகாகோவின் வோக் டயர் கம்பெனி, கோச்சு வண்டிகளுக்காக வெள்ளைப் பட்டை டயரை 1914-லேயே தனியாகச் செய்து விற்றது. நடுவில் முழுக் கறுப்பு டயருக்கும் ஒரு மவுசு வந்தது. கழுவுவது சுலபம் அல்லவா? எல்லோரும் கறுப்புக்கு வந்த பிறகு, பணக்காரர்கள் வெள்ளைக்குத் திரும்பினார்கள்! 1934-ல் ஃபோர்டு தன் புது கார்களுக்கு வெள்ளைப் பட்டை டயரைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தது. ஒரு செட்டுக்கு அதிகப்படி விலை 11.25 டாலர். ஐந்நூறு டாலர் சொச்சத்துக்குக் காரே கிடைத்த காலம் அது.

நான் பி.காம் படித்தவன். எனக்கு இதில் ஒரு கணக்கு தெரிகிறது. வெள்ளைப் பட்டையின் உண்மையான விலை அந்தப் பதினொன்றே கால் டாலர் இல்லை. ஒரே மழையில், ஒரே மண் ரோட்டில் அது நாறிப்போகும். அதை வெள்ளையாகவே வைத்திருக்க ஓர் ஆள் வேண்டும். 'என்னிடம் கார் இருக்கிறது' என்று எந்த டயரும் சொல்லும். 'அதைத் தேய்த்துக் கழுவ என்னிடம் ஆளும் இருக்கிறது' என்று சொன்னது வெள்ளை டயர்தான்.

அந்த ஆள் சக்கரத்துப் பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. உலகத்து ரப்பரில் பெரும் பங்கு அன்றைக்கு மலாயாவிலிருந்து போனது. விடியற்காலையில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். திருச்சி, தஞ்சாவூர், ஆற்காடு மாவட்டங்களோடு, மல்லசமுத்திரம் அப்போது சேர்ந்திருந்த சேலம் மாவட்டத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்துக் கப்பலேற்றினார்கள். 1938-ல்தான் பிரிட்டிஷ் இந்திய அரசு அதைத் தடை செய்தது.

1942-ல் மலாயா ஜப்பான் கைக்குப் போனது. அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து நின்று, டயர் ரேஷன் ஆனது. வெள்ளைப் பட்டையெல்லாம் யாருக்கு வேண்டும்? தோட்டத் தமிழர்களில் பல்லாயிரம் பேரை ஜப்பானியர்கள் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை.

போருக்குப் பிறகு வெள்ளை டயர் திரும்ப வந்தது. 1950-கள்தான் அதன் பொற்காலம். 1962 மாடல்களில் பட்டை ஓர் அங்குலத்துக்கும் கீழே மெலிந்து, அப்புறம் கோடாகி, தேய்ந்து போனது.

நம் ஊரில் டன்லப் 1936-ல் வங்காளத்தின் சாகாகஞ்சிலும், 1959-ல் அம்பத்தூரிலும் டயர் செய்ய வந்தது. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எஃப்., 1952-ல் டயருக்கு ரீட்ரெட் போடும் ரப்பருக்கு மாறி, 1960-களில் முழு டயருக்கு வந்தது. லாரிக்காரருக்கு வேண்டியது உழைக்கிற கறுப்பு டயர்தானே? வெள்ளைப் பட்டை கார்கள் மாமா மாதிரி ஆட்களின் ஷெட்டில் மிச்சம் இருந்தன.

சரி, பழுப்பு விஷயத்துக்கு வருவோம்.

ரப்பருக்குப் பெரிய எதிரி காற்றில் இருக்கும் ஓசோன். அது பட்டால் டயரில் பொடிப்பொடியாக வெடிப்பு விழும். அதைத் தடுக்க மெழுகையும் சில ரசாயனங்களையும் ரப்பரிலேயே கலந்துவிடுவார்கள். அவை மெதுவாக மேலே கசிந்து வந்து காவல் காக்கும். காவல்காரனின் நிறம் பழுப்பு! கறுப்பு டயரில் அது அவ்வளவாக உறுத்தாது. வெள்ளையில் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் வெள்ளைப் பட்டையைத் தனி ரப்பரில் செய்து, கறை ஏறாதபடி நடுவில் ஒரு தடுப்பு அடுக்கும் வைக்கிறார்கள். நான் தேய்த்த மண்ணெண்ணெய் அந்த ரப்பரை ஊற வைத்து, உள்ளே இருந்த எண்ணெய்ப் பழுப்பையெல்லாம் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. துணியில் வந்தது அழுக்கு மட்டுமில்லை. டயரின் உயிரும்தான்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் செய்வது டிரைவர் அண்ணன் செய்ததையேதான். நிழலில் நிறுத்தி, டயர் சூடு ஆறியதும் முதலில் வெறும் தண்ணீர். அப்புறம் சோப்புத் தண்ணீர், நைலான் பிரஷ். பிடிவாதமான கறைக்கு மட்டும் சோப்பு தோய்த்த மெல்லிய கம்பி நார், அதுவும் லேசாக. உடனே நன்றாக அலசிவிட வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பிளீச்சிங் தண்ணீர், எண்ணெய் கலந்த டயர் பாலிஷ்... எதுவும் கிட்டே வரக் கூடாது. அமெரிக்காவில் 1958-ல் தொடங்கிய கோக்கர் மாதிரி கம்பெனிகள் இன்றும் வெள்ளைப் பட்டை டயர் செய்கின்றன. புது டயரில் பட்டையின் மேல் நீலப் பூச்சு ஒன்று இருக்கும். வண்டியை வெயிலில் எடுக்கும் முன்பே வெந்நீரில் கழுவிவிட வேண்டும். விட்டால் நீலம் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, எல்லா வண்டிக்காரர்களுக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். '2319' என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் இருந்தாலும், பத்து வருடம் ஆகிவிட்டால் அந்த டயரை நம்பாதீர்கள். ஓடாமல் ஷெட்டிலேயே நிற்கிற டயரும் கெடும். உருளும்போதுதான் அந்தக் காவல்காரன் மேலே வருவான்.

கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியம் 2015-லிருந்து இருக்கிறது. சென்னையில் 2023-ல் ஏவி.எம். மியூசியம் வந்திருக்கிறது. போனால் காரின் மூக்கை மட்டும் போட்டோ எடுக்காமல், குனிந்து டயரையும் பாருங்கள்.

போன வருடம் மல்லசமுத்திரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குப் பழைய கார் வந்திருந்தது. வெள்ளைப் பட்டை! இருபது வயதுப் பையன் ஒருவன் குத்துக்காலிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். "என்ன தம்பி போட்டுக் கழுவறே?" என்றேன்.

"சோப்புத் தண்ணிதானுங்ணா. மண்ணெண்ண கிண்ணெண்ண ஆகாதுங்க" என்றான் நிமிராமலே.

டிரைவர் அண்ணன் காலமாகிப் பல வருடம் ஆகிறது. மாமாவும் இல்லை. அந்த இருபது ரூபாயை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. வசூல் ஆகாத கடனுக்கு 'வராக்கடன்' என்று காமர்ஸில் ஒரு தலைப்பு உண்டு. திருப்பித் தர ஆள் இல்லாமல் போன கடனை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இப்போதைக்கு இந்தப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.