தலப்பாடியில் நின்ற ஆம்புலன்ஸ்

கோகர்ணம் பைக் ட்ரிப்புக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது 'ஆம்புலன்ஸ் கவர்'னு ஒரு வரி கண்ணில் பட்டது. உடனே எனக்கு ஞாபகம் வந்த ஊர், தலப்பாடி.

கேரள - கர்நாடக எல்லையில், தேசிய நெடுஞ்சாலை 66-ல் இருக்கிற ஊர் அது. தெற்கே காசர்கோடு, வடக்கே மங்களூரு. ஒரு காலத்தில் ரெண்டுமே சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டம்தான். 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரிச்சப்போ காசர்கோடு கேரளாவுக்குப் போச்சு. மங்களூரு அன்றைய மைசூர் மாநிலத்துக்கு. வரைபடம் மாறிடுச்சு. ஆனா பெரிய வியாதின்னா மங்களூருக்கு ஓடுற வழக்கம் மட்டும் மாறவே இல்ல.

2020 மார்ச், கொரோனா ஊரடங்கு. காசர்கோட்டில் தொற்று அதிகம்னு சொல்லி, கர்நாடகா எல்லைச் சாலைகளை அடைச்சது. சில இடங்களில் மண்ணையே கொட்டினாங்க. ஆம்புலன்ஸ்கள் திரும்பி வந்தன. மங்களூரு போக முடியாமல் நோயாளிகள் சிலர் இறந்தே போனாங்க.

ஏப்ரல் 1-ல் கேரள உயர் நீதிமன்றம் தடையை நீக்கச் சொன்னது. கர்நாடகா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நோயாளிகளை அனுமதிக்க ரெண்டு மாநிலமும் ஒத்துக்கிட்ட நடைமுறையை மத்திய அரசு தெரிவிச்ச பிறகு, ஏப்ரல் 7-ல் வழக்கு முடிந்தது.

அதனால பாலிசியில் எத்தனை ரூபாய்னு மட்டும் பார்க்காதீங்க. வண்டி எந்த ஊர் வரைக்கும் போகும்னும் கேளுங்க. பணம் இன்ஷூரன்ஸ் தரும்; வழியை அரசுதான் திறக்கணும்.