36 படங்களும் மூன்றரைக் கோடி படங்களும்

2003-ல் முதுமலைக்குப் போனபோது என் கையில் இருந்தது ஒரு ஃபிலிம் கேமரா, ஒரே ஒரு ரோல். மான், மயில், மந்தி என்று மதியத்துக்குள் 34 படம் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் காட்டெருமைக் கூட்டம் கன்றுகளோடு சாலையைக் கடந்தபோது மிச்சம் இரண்டுதான். அதில் ஒன்று கை ஆடிப் போச்சு. போன வருடம் அதே முதுமலையில், டிஜிட்டல் கேமராவில் ஒரே நாளில் 1,200 படம் எடுத்தேன். இன்னும் பாதியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

ஃபிலிமா, டிஜிட்டலா என்று பேச்சு வந்தால் நிறம், கூர்மை என்றுதான் பேசுவோம். புலிப் படங்களின் வரலாற்றைப் படித்தபிறகு எனக்கு வேறொன்று தோன்றியது. முக்கியமான வித்தியாசம் ஒரு படத்துக்கு ஆகும் செலவில் இருக்கிறது.

1920-களில் எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வனத்துறை அதிகாரி, அன்றைய ஐக்கிய மாகாணக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டினார். புலி கம்பியைத் தட்டினால் ஃபிளாஷ் வெடித்து, படம் பதியும். ஆள் போய் மறுபடி அமைக்கும்வரை அடுத்த படம் கிடையாது. அப்படிச் சேர்த்த படங்களோடு 1927-ல் புத்தகம் போட்டார். ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு, அதை வைத்தே அடையாளம் காணலாம் என்பதைக் கவனித்தவரும் அவரே.

அந்தக் கவனிப்பை எண்ணிக்கைக்குப் பயன்படுத்தியவர் உல்லாஸ் காரந்த். 1990-களில் நாகரஹொளேயில் தானியங்கிக் கேமராக்களை வைத்தார். ஒரே புலி எத்தனை முறை திரும்ப மாட்டுகிறது என்பதிலிருந்து, மாட்டாத புலிகளையும் மதிப்பிடும் முறை அது. ஆனால் ஃபிலிம் ரோலில் 36 படம்தான். மான் கூட்டம் ஒன்று முன்னால் வந்து நின்றால் ரோல் தீர்ந்துவிடும். என் கதைதான்.

நாட்டில் வேறு இடங்களில் அப்போது கால்தடத்தை வைத்தே எண்ணிக்கொண்டிருந்தார்கள். சரிஸ்காவில் காகிதத்தில் புலிகள் இருந்தன. 2005-ல் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. அதன்பிறகு கணக்கெடுப்பு முறையே மாறியது.

2018 கணக்கெடுப்பில் கேமரா வைத்த இடங்கள் 26,838. விழுந்த படங்கள் 3,48,58,623. அதில் புலிப் படங்கள் 76,651. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 455 படத்துக்கு ஒரு புலி. ஃபிலிமாக இருந்தால் ஒரு புலிப் படத்துக்குப் பதின்மூன்று ரோல், மொத்தம் ஒன்பதரை லட்சம் ரோலுக்கு மேல்! யார் வாங்குவது, யார் கழுவுவது? மெமரி கார்டு இல்லாமல் இந்த வேலை நடந்தே இருக்காது.

ஆனால் செலவு மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு எடுப்பது கஷ்டம், இப்போது பார்ப்பது கஷ்டம். மூன்றரைக் கோடி படங்களை மனிதக் கண் மட்டும் பார்த்து முடியாது. விலங்கு வாரியாகப் பிரிக்க ஒரு மென்பொருள், வரிகளை ஒப்பிட இன்னொன்று. கடைசியில் 2,461 தனித்தனிப் புலிகளை அடையாளம் கண்டார்கள்.

என்னிடம் அப்படி மென்பொருள் எதுவும் இல்லை. 2003-ல் எடுத்த அந்த ஒரு படத்தில் எத்தனை கன்று என்று கேட்டால் ஆல்பத்தைத் திறக்காமலே சொல்வேன், மூன்று. போன வருடப் படங்களில் எத்தனை? தெரியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.