காலிக் கோட்டைக்குள் நாம்

காலிக் கோட்டையைப் பார்க்க வருபவர்கள் அரை நாளில் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு அது குடியிருந்த ஊர். 1588இல் போர்த்துக்கேயர் தொடங்கியதை, 1640இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் பெரிய கல் மதிலாக்கினார்கள். 2004 சுனாமி வெளியே பஸ் நிலையத்தை மூழ்கடித்த அன்று, உள்ளே நம் வீடுகளைக் காத்தது அந்த மதில்தான்.

பெட்லர் வீதிக்கு ஒல்லாந்தர் வைத்த பெயரே சோனக வியாபாரிகளின் தெரு என்பதுதான். பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெளிச்சவீட்டுப் பக்கம் 1904இல் எழுந்த மீரான் ஜும்ஆப் பள்ளியைத் தேவாலயம் என்று நினைத்துப் படமெடுப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பதும் நமக்குப் பழகிப்போனது. பள்ளி, மத்ரஸா, கடை எல்லாம் நடந்து போகும் தூரம். அஸர் தொழுதுவிட்டு மதிலேறினால் கடற்காற்று. வேறென்ன வேண்டும்?

1988இல் உலக மரபுரிமையான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியார் வந்து வாங்கத் தொடங்கினார்கள். விலை ஏறியது. நாமேதான் விற்றோம். விற்றவர்களைக் குறை சொல்லவும் மனமில்லை, பழைய ஓட்டுக் கூரையைப் பழுதுபார்க்கவே அனுமதியும் பணமும் வேண்டும். உம்மம்மாமார் கொச்சிக்காய் காயப்போட்ட நடுமுற்றங்களில் இன்று ஹோட்டல்காரர்களின் நீச்சல் தடாகம். வெளியே குடிபோனவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஓட்டோவில் வருகிறார்கள். தொழுகை முடிந்ததும் பழைய வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகிறார்கள்.