உருளைக்கிழங்கு சிப்ஸ்: ஊட்டச்சத்து

உருளைக்கிழங்கை மெல்லிய வில்லைகளாகச் சீவி, எண்ணெயில் பொரித்து, உப்பும் மசாலாத் தூளும் தூவிப் பொட்டலத்தில் அடைக்கும் நொறுக்குத் தீனி. தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களிலும் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குவது இதுதான்.

அமெரிக்காவின் சரட்டோகா ஸ்பிரிங்ஸில் 1853இல் ஜார்ஜ் கிரம் என்ற சமையல்காரர் கோபத்தில் சீவிப் பொரித்ததே முதல் சிப்ஸ் என்பது கட்டுக்கதை. லண்டனில் 1817இல் வில்லியம் கிச்சினர் வெளியிட்ட சமையல் நூலிலேயே செய்முறை இருக்கிறது. தமிழகத்தில் இக்கிழங்கு வேரூன்றியது நீலகிரியில், 1820களில், ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்தில். சிப்ஸுக்கென்றே சிம்லாவின் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் ‘குஃப்ரி சிப்சோனா’ ரகங்களை 1998இல் வெளியிட்டது. இவற்றில் நீர் குறைவு, சர்க்கரையும் குறைவு. அதனால் வில்லை கருகாமல் பொன்னிறமாக வரும்.

பச்சைக் கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 100 கிராமுக்கு 77 கலோரிதான். கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். சுமார் 175 டிகிரிச் சூட்டில் தண்ணீர் ஆவியாகிப் போக, அந்த இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்கிறது. பொரித்தெடுத்த 100 கிராமில் ஏறக்குறைய 530 கலோரி, 34 கிராம் கொழுப்பு. எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்!

வைட்டமின் சி கணக்கு ஏமாற்றும். பச்சைக் கிழங்கிலும் சிப்ஸிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ ஒரே அளவு காட்டும். ஆனால் ஒரு கிலோ சிப்ஸுக்கு மூன்று, நான்கு கிலோ கிழங்கு போகிறது. பெரும்பகுதி பொரிக்கும்போது அழிந்துவிட்டது என்பதே பொருள். பொட்டாசியம் மட்டும் நன்றாகத் தங்குகிறது.

உப்பு பொதுவாக 100 கிராமுக்கு ஒன்றேகால் கிராம் அளவில் இருக்கும். நாளுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பளங்களுக்குப் பேர்போன தூத்துக்குடிக்காரர்களுக்கும் அதே அளவுதான்.

மாவுப்பொருளை அதிகச் சூட்டில் பொரிக்கையில் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாவதை 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் அறிவித்தனர். கிழங்கைக் குளிரில் சேமித்தால் சர்க்கரை கூடி, அதுவும் கூடும். பொரிக்கும் எண்ணெயைப் பொறுத்தவரை, இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 முதல் உள்ளது.

தூத்துக்குடிக் கடற்கரையான முத்துக்குளித்துறையின் பழைய நொறுவல், மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த பனங்கிழங்கு. நாரும் மாவும் நிறைந்தது, எண்ணெய் துளியும் இல்லை. சத்தைப் பார்த்தால் சிப்ஸ் அதன் பக்கத்தில்கூட நிற்காது.