குறைமாதக் குழந்தையும் வீடும்: இல்லப் பராமரிப்பில் உழைப்புப் பங்கீடு

1. ஆய்வுப் பொருள்

கருவுற்று 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2500 கிராமுக்குக் கீழே பிறப்பது எடைக்குறைவு. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்பதில்லை. சிசுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சில வாரங்கள் இருந்துவிட்டு, இரண்டு கிலோவைத் தொட்டும் தொடாமலும் வீடு வந்து சேரும் குழந்தையின் முதல் மூன்று மாதங்களே இக்கட்டுரையின் எல்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அறிவுரை முழுவதும் தாய்க்கே சொல்லப்படுகிறது. பால் எப்படிக் கொடுப்பது, துணி எப்படிச் சுற்றுவது, எப்போது ஓடிவர வேண்டும் என எல்லாம் அவள் காதில்தான் விழுகிறது. அப்பா அந்த நேரம் பில் கட்டும் வரிசையிலோ மருந்துக்கடையிலோ நிற்பார். மருத்துவமனையில் மூன்று ஷிப்டுகளில் ஆள் மாற்றி மாற்றிப் பார்த்த வேலை, ஒரே இரவில் ஒருத்தியிடம் வந்து சேருகிறது. இந்தப் பராமரிப்பின் அலகு தாய் அல்ல, வீடு என்பதே இங்கே முன்வைக்கும் வாதம். இதைப் பாசத்தின் பெயரால் சொல்லவில்லை. கணக்கின் பெயரால் சொல்கிறேன்.

2. வீட்டுக்கு அனுப்புவதற்காகவே பிறந்த முறை

கங்காரு பராமரிப்பு 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தோன்றியது. அங்கிருந்த தாய்சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்த, தொற்று பரவியது. குழந்தை நல மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திக் கட்டி, தாய்ப்பால் கொடுக்கச் சொல்லி, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார். ஹெக்டர் மார்ட்டினஸ் பின்னர் அவருடன் சேர்ந்து அதை வளர்த்தெடுத்தார். இன்று பலரும் இதைப் பெரிய மருத்துவமனைச் சிகிச்சை என்றே எண்ணுகிறார்கள். அதன் பிறப்பிலேயே வீடு இருந்தது.

இந்தியச் சான்றுகளும் வலுவானவை. அபய் பாங், ராணி பாங் தம்பதியர் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, வீடு வீடாகப் பச்சிளங் குழந்தைகளைப் பார்க்கச் செய்தனர். பச்சிளங் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்ததை 1999இல் லான்செட் இதழ் வெளியிட்டது. 2011இல் தொடங்கிய தேசிய இல்லச் சிசுப் பராமரிப்புத் திட்டத்துக்கு வழி திறந்தது அதுவே. ஹரியானாவில் 1500 முதல் 2250 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே கங்காரு முறையைத் தொடங்கிவைத்த ஆய்வில் முதல் 28 நாள் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது. இது 2019இல் வெளியானது.

2021இல் வந்த ஐந்து நாட்டு மருத்துவமனை ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. பிறந்த உடனேயே கங்காரு முறை தொடங்கப்பட்ட குழந்தைகளின் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அவர்கள் உடலோடு ஒட்டியிருந்த நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 17 மணி. இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைச் சாத்தியமாக்கிய ஏற்பாட்டை நாம் மறந்துவிடுகிறோம்: தாயால் முடியாதபோது குடும்பத்தில் இன்னொருவர் குழந்தையை மார்பில் ஏந்தினார்.

3. வேலையின் கணக்கு

3.1 சூடு

எடைக்கு ஒப்பிட்டால் இந்தக் குழந்தையின் தோல்பரப்பு அதிகம், தோலடிக் கொழுப்பு குறைவு. குளிர்ந்தால், வளர்ச்சிக்குப் போகவேண்டிய சக்தி சூடு காக்கச் செலவாகும். உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும். வெப்பமானி இல்லாத நேரத்தில் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பார்க்கலாம். வயிறு சூடாக, பாதம் சில்லென்றிருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. இரண்டும் சில்லென்றால் அது ஆபத்து. சித்திரை வெயிலில் மூன்று போர்வை சுற்றுவதும் தவறே. அப்பாவின் மார்பும் பாட்டியின் மார்பும் இதே சூட்டைத் தரும். ஆனால் மருமகன் சட்டையைக் கழற்றிவிட்டு மாமியார் வீட்டுக் கூடத்தில் உட்கார்வதற்கு நம் ஊரில் இருக்கும் கூச்சத்தை எந்தக் கையேடும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு திரைச்சீலை போதும், அந்தத் தடை நீங்க.

3.2 பால்

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் இசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கூடிவரும். அதற்குப் பின்னும் குழந்தை சீக்கிரம் களைத்துவிடும். அதனால் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் புகட்டவேண்டி வருகிறது. நம் பாட்டிமார் புழங்கிய அந்தச் சிறு பாத்திரம் இன்று இந்திய சிசுப் பிரிவுகளில் முறையான கருவி. பால்புட்டியைவிட அதைக் கழுவுவதும் கொதிக்கவைப்பதும் எளிது.

இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் நாளைக்குப் பன்னிரண்டு முறை. பீய்ச்ச, புகட்ட, தோளில் போட்டுத் தட்ட, பாத்திரம் கொதிக்கவைக்க என ஒவ்வொரு முறைக்கும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்வோம்; பன்னிரண்டு மணி போயிற்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்ன கங்காரு நேரம் குறைந்தது எட்டு மணி. இரண்டும் சில வேளை ஒன்றின்மேல் ஒன்று விழும் என்றாலும், பிரசவப் புண் ஆறாத ஒருத்தி தூங்க இந்தக் கணக்கில் இடமே இல்லை. பீய்ச்சுவது மட்டும்தான் தாயால் ஆகவேண்டியது. மற்ற எல்லாவற்றுக்கும் வேறு கை போதும்.

3.3 கண்காணிப்பு

பால் குடிக்க மறுப்பது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்குமேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, வலிப்பு, தொட்டு எழுப்பினால் மட்டும் அசைவது, 37.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அல்லது 35.5க்குக் கீழ் குளிர்ச்சி, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள்: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது, 108ஐ அழைக்கவேண்டும். மூச்சை முழு நிமிடம் எண்ணவேண்டும். குறைமாதக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் ஏமாறுவோம். இதையெல்லாம் தாய்க்கு மட்டும் தெரியச்செய்தால், அவள் கண்ணயரும் நேரத்தில் வீட்டில் காவல் இல்லை.

4. மரபைப் பிரித்தறிதல்

தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீடு போவதும், தீட்டு என்று சொல்லி வெளியாரைத் தள்ளிவைப்பதும் இந்தக் குழந்தைக்கு நல்லவை. காரணம் வேறானாலும் விளைவு தொற்றுக் காப்பு. தொட்டிலிடும் நாளுக்கு ஊரைக் கூட்டினால் அந்த நன்மை ஒரே பொழுதில் போய்விடும்.

சேனை தொட்டு வைப்பது, கழுதைப்பால் புகட்டுவது, உரைமருந்து ஆகியவற்றுக்கு இங்கே இடமில்லை. சாம்பிராணிப் புகை, வளர்ந்து முடியாத நுரையீரலுக்குக் கெடுதல். குளிப்பாட்டும் பாட்டி மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை உறுதியாக மறுக்கவேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். தூளியில் கழுத்து மடங்கி மூச்சு தடைபடலாம், ஆகவே தட்டையான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைப்பதே சரி. இத்தனையையும் மருமகள் சொன்னால் சண்டை. செவிலியர் பாட்டியிடமே நேரில் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பாட்டிக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பழக்கத்தை வாங்குவது இன்னும் எளிது.

5. வீட்டால் இயலாதவை

34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் கீழோ பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை, பிறந்து 30 நாளுக்குள் நடக்கவேண்டும்; மிகச் சிறிய குழந்தைக்கு இன்னும் முன்னதாக. விழித்திரைக் கேட்டில் வலி இல்லை, சிவப்பு இல்லை. எவ்வளவு அன்பாகப் பார்த்தாலும் வீட்டார் கண்ணுக்குத் தெரியாது. சென்னையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை பற்றிச் சொல்லப்படாமல் பார்வை போன வழக்கில், 2015இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. செவித்திறன் பரிசோதனைக்கும் இப்படியே நாள் குறிக்கவேண்டும். தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில். வளர்ச்சியை மதிப்பிடுவது திருத்திய வயதில். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த நான்கு மாதக் குழந்தையிடம் இரண்டு மாதத்துக்குரியதையே எதிர்பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை கவிழ்ந்துவிட்டதே என்று கேட்கும் உறவினருக்கு இந்தக் கழித்தல் கணக்கைச் சொல்லும் வேலையைக் கணவர் எடுத்துக்கொள்ளலாம்.

6. விடுப்பு

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார ஊதிய விடுப்பைத் தந்தது. குழந்தை சிகிச்சைப் பிரிவில் கிடந்த வாரங்களும் அதிலேயே கழியும். எட்டு வாரம் கண்ணாடிக்கு வெளியே நின்றவளுக்கு வீட்டில் மிஞ்சுவது பதினெட்டு. கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிறவளுக்கு அதுவும் இல்லை. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவுகிறது என்றாலும், குறைமாதத்துக்கென்று அதில் தனிக் கணக்கு இல்லை. தந்தைக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள் உண்டு. தனியார் துறையில் சட்டப்படி எதுவும் இல்லை.

பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல், சிசுப் பிரிவில் குழந்தை தங்கிய காலத்துக்கு ஈடாகத் தாய், தந்தை இருவருக்கும் வழக்கமான விடுப்புக்கு மேல் 12 வாரம் வரை தருகிறார்கள். இங்கே அவ்வளவு உடனே கிடைக்காது. வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் தாயின் கையொப்பத்துக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க விடுப்புச் சட்டம் எதுவும் தேவையில்லை: கங்காரு முறையும் பாலாடையும் மூச்சு எண்ணுவதும் கற்றுக்கொண்ட இரண்டாவது நபரின் பெயர், உறவு. அந்த வரி காலியாக இருக்கும்வரை குழந்தையை அனுப்புவதில்லை என்று ஒரு மருத்துவமனை முடிவெடுத்தால், அப்பா பில் வரிசையிலிருந்து உள்ளே வந்தாக வேண்டும்.