வயிற்றைத் திறப்பதற்கு முன்: பழைய சொகுசு கார்களின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கதை



வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற நான் இன்னைக்கு கார் கியர்பாக்ஸ் பத்தி எழுதப் போறேன்.

"டாக்டருக்கு இங்க என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. வேலை இருக்கு. ஒரு நோயை எந்த வரிசையில் தேடணும், அந்த வரிசையை விட்டா என்ன நஷ்டம் வரும் என்பதற்கு இந்த இயந்திரத்தின் வரலாறு ஒரு நல்ல பாடம். நீண்ட இழை. பொறுமையா படிங்க.

முதலில் பிரச்சனையைப் பார்ப்போம்.

இருபது, இருபத்தைந்து வருஷம் ஓடின மெர்சிடிஸ் கார் ஒன்று. ஆட்டோமேட்டிக் கியர். ஒருநாள் சிக்னலில் நின்று கிளம்பும்போது இரண்டாம் கியரிலேயே மாட்டிக்கொள்கிறது. எஞ்சின் உறுமுது, வேகம் ஏறல. ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு "கியர்பாக்ஸே போச்சு சார், மொத்தமா மாத்தணும்" என்கிறார்கள். அந்தச் செலவு பழைய காரின் விலையையே தொட்டுவிடும். நல்ல எஞ்சின், நல்ல பாடி இருக்கிற கார் காயலான் கடைக்குப் போகிறது.

ஆனால் இந்த மாதிரி கார்கள் பலவற்றில் உண்மையில் கெட்டுப்போனது என்ன தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் கனெக்டரில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்!

இது எப்படி நடக்குது? இதைப் புரிஞ்சுக்க நூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி போகணும்.

1905இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற பொறியாளர், கப்பல் கட்டும் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது ஒரு காப்புரிமை வாங்கினார். டர்பைன் சுற்றும் விசையை எண்ணெய் போன்ற திரவம் வழியாகவே கப்பலின் புரொப்பெல்லருக்குக் கடத்தும் யோசனை அது.

இப்படி நினைச்சுப் பாருங்க. இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே வைக்கிறோம். ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுற்ற ஆரம்பிக்கும். காற்றுக்குப் பதில் எண்ணெய், திறந்த அறைக்குப் பதில் மூடிய டப்பா. அவ்வளவுதான். இன்றைய டார்க் கன்வெர்ட்டரின் அடிப்படை இதுதான்.

கப்பலில் பிறந்த இந்த யோசனை காருக்கு வர பல வருஷம் ஆனது.

1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், ஹைட்ரா-மேட்டிக் என்ற கியர்பாக்ஸை அறிமுகம் செய்தது. இதன் பின்னால் இருந்த முக்கியமான பொறியாளர் ஏர்ல் தாம்சன். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரிலும், அடுத்து 1941 மாடல் காடிலாக் சொகுசு காரிலும் வந்தது. கிளட்ச் பெடலே கிடையாது. நான்கு கியரும் தானாக மாறும்.

உடனே உலகப் போர். இரண்டு காடிலாக் எஞ்சின், இரண்டு ஹைட்ரா-மேட்டிக் போட்ட எம்5 இலகு ரக டாங்கி போர்க்களம் போனது. டாங்கியிலேயே தாக்குப்பிடித்த கியர்பாக்ஸ் என்றால் சும்மாவா? போருக்குப் பிறகு மவுசு ஏறியது. போட்டி நிறுவனமான ஃபோர்டின் லிங்கன் கார்களுக்கே அதை விலைக்கு வாங்கிப் போட்டார்கள். 1952இல் ரோல்ஸ் ராய்ஸும் எடுத்துக்கொண்டது.

சரி, கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் அந்த கியர்பாக்ஸ் எப்படி "யோசித்தது"?

இரண்டு எண்ணெய் அழுத்தங்கள். ஒன்று, கார் போகும் வேகத்துக்கு ஏற்ப ஏறும். இன்னொன்று, நீங்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும் அளவுக்கு ஏற்ப ஏறும். இரண்டும் ஒரு வால்வை இரண்டு பக்கமிருந்தும் தள்ளும். வேகத்தின் அழுத்தம் ஜெயித்தால் மேல் கியர். உங்கள் காலின் அழுத்தம் ஜெயித்தால் அதே கியரில் நீடிக்கும், இல்லையென்றால் கீழ் கியர்.

அப்போ இதில் நோய் கண்டுபிடிப்பது எப்படி? பிரஷர் பார்த்துத்தான்! கியர்பாக்ஸின் மேல் இருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டினால் உள்ளே எண்ணெய் அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். கூடவே ஒரு டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. எந்த மெக்கானிக்கும் இழுத்துப் பார்க்கலாம்.

அந்த எண்ணெய்க்குச் சிவப்புச் சாயம் போட்டார்கள், எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் இருக்க. கம்பியில் தெளிந்த சிவப்பு தெரிந்தால் நலம். பழுப்பாகி, கருகல் வாடை வந்தால் உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகுது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்துவிட்டது. ஒரு கர்சீப்பில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். எங்க பாஷையில் சொன்னா, பிளட் டெஸ்ட்.

இங்கே ஒரு குட்டிக் கதை.

1953 ஆகஸ்ட் 12. மிச்சிகன் மாநிலம் லிவோனியாவில் இருந்த ஹைட்ரா-மேட்டிக் தொழிற்சாலை தீயில் அழிந்தது. வேறு இடத்தில் உற்பத்தி தொடங்கும் வரை காடிலாக், ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்கு கியர்பாக்ஸ் இல்லை. என்ன செய்தார்கள்? ப்யூக் காரின் டைனாஃப்ளோ என்ற வேறு வகை கியர்பாக்ஸை எடுத்துப் பொருத்தி விற்றார்கள்.

டைனாஃப்ளோ ஓட்டும்போது கியர் மாறுவதே தெரியாது, அதன் இயல்பே அது. இப்போ நினைச்சுப் பாருங்க. 1953 காடிலாக் ஒன்றைப் பழுது பார்க்க வருகிறீர்கள். "கியரே மாற மாட்டேங்குது, இது கெட்டுப்போச்சு" என்று நினைத்தால் ஆரோக்கியமான ஆளுக்கு ஆபரேஷன் செய்த கதை ஆகிவிடும். அது எந்த மாதம் செய்த கார், உள்ளே இருப்பது என்ன என்று கேட்கணும். இதைத்தான் நாங்க ஹிஸ்டரி எடுப்பது என்று சொல்றோம்.

அடுத்து 1964. டர்போ ஹைட்ரா-மேட்டிக் 400. காடிலாக், ப்யூக் கார்களில் வந்து, பிறகு ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ வரைக்கும் போன உறுதியான பெட்டி. இதில் ஒரு வேடிக்கையான நோய் உண்டு.

கியர் மாறும்போது முரட்டுத்தனமா இடிக்கும். ஆயில் குறைஞ்சுகிட்டே இருக்கும், ஆனா தரையில் ஒரு சொட்டுகூட ஒழுகாது. சைலன்ஸரில் வெள்ளைப் புகை. பார்க்கிறவர் "எஞ்சின் அவுட்" என்பார். உண்மை என்னன்னா, எஞ்சின் உறிஞ்சும் விசையைக் கொண்டு அழுத்தத்தைச் சரிசெய்யும் ஒரு சின்ன டப்பா கியர்பாக்ஸில் இருக்கும். பெயர் வேக்யூம் மாடுலேட்டர். அதன் உள்சவ்வு கிழிந்தால் எஞ்சினே ஒரு ரப்பர் குழாய் வழியாக கியர் ஆயிலை உறிஞ்சி எரித்துவிடும்.

இடது கை வலிக்குதுன்னு வருவாங்க, பார்த்தா ஹார்ட் அட்டாக். அதே கதைதான். வலி ஓரிடம், நோய் வேறிடம். அந்த ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்த்து உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் நோய் உறுதி. ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட்.

எண்ணெய்க்கும் ஒரு வரலாறு இருக்கு. கிளட்ச் பிளேட்கள் அதிராமல் வழுக்கிப் பிடிக்க, அந்தக் கால கியர் ஆயிலில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழிந்துவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. நிறுவனங்கள் மாற்றுப் பொருள் தேடி ஆயிலின் ஃபார்முலாவையே மாற்ற வேண்டி வந்தது. அதனால்தான் சொல்றேன், "எந்த ஆயிலா இருந்தா என்ன, சிவப்பா இருந்தா சரி" என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. ரத்தம் எல்லாமே சிவப்புதான். குரூப் பார்க்காம ஏத்துவோமா?

இப்போ நம்ம மெர்சிடிஸுக்கு வருவோம்.

காலப்போக்கில் கியர் மாற்றும் முடிவைக் கம்ப்யூட்டர் எடுக்க ஆரம்பித்தது. 1996இல் மெர்சிடிஸ் 722.6 என்ற ஐந்து கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. அருமையான தயாரிப்பு. ஈ கிளாஸ், எஸ் கிளாஸ், மேபாக், சில ஜாகுவார் கார்கள் வரை போனது.

ஆனால் கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. "வாழ்நாள் முழுக்க ஆயில் மாற்றவே வேண்டாம்" என்றார்கள். ஆயில் ஊற்றும் குழாய் இருக்கும், மூடி சீல் வைத்திருக்கும். திறந்தால் உள்ளே கம்பி இருக்காது! அளவு பார்க்க ஒர்க்‌ஷாப்பில் தனிக் கம்பி வேண்டும். எண்ணெய் 80 டிகிரி சூட்டில், எஞ்சின் ஓடும்போது அளக்கணும்.

ஐம்பது வருஷமாக எல்லோரும் செய்து வந்த ஒரு எளிய பரிசோதனை சாதாரண ஆட்களின் கையை விட்டுப் போனது. பார்க்காததால் யாரும் கவலைப்படவில்லை. கவலைப்பட ஆரம்பித்தபோது கார் நடுரோட்டில் நின்றது.

யாருடைய வாழ்நாள்? அதுதான் கேள்வி. பிறகு மெர்சிடிஸே ஆயில் மாற்றச் சொன்னது. பி.எம்.டபிள்யூ கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்யும் ஜெட்.எஃப் நிறுவனம், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 வருஷத்தில் மாற்றச் சொல்கிறது.

இனி அந்த ரப்பர் வளையம்.

722.6 பெட்டிக்குள் கண்டக்டர் பிளேட் என்று ஒரு தகடு. வேகம் அளக்கும் இரண்டு சென்சார்கள் அதில்தான் இருக்கு. அங்கிருந்து வயர்கள் 13 பின் கொண்ட ஒரு கனெக்டர் வழியாக வெளியே வந்து கம்ப்யூட்டருக்குப் போகும். வருஷக்கணக்கான சூட்டில் அந்த கனெக்டரின் ரப்பர் வளையம் இறுகிவிடும். எண்ணெய் மெல்லக் கசியும்.

கீழே மட்டும் கசிந்தால் பரவாயில்லை. வயருக்குள்ளேயே மேலே ஏறும்! லேபில் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியை ரத்தத்தில் வைத்ததும் ரத்தம் தானாக ஏறுமே, அதே விதி. ஏறிப்போய் கம்ப்யூட்டர் பெட்டியையே நனைத்துவிடும்.

சிக்னல் தப்பாக வந்ததும் கம்ப்யூட்டர் பயந்து, கியர்பாக்ஸைக் காப்பாற்ற லிம்ப் மோடு என்ற நிலைக்குப் போகும். வண்டியை நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்தால் இரண்டாம் கியரும் ரிவர்ஸும் மட்டும் கிடைக்கும். ஒர்க்‌ஷாப் வரை நொண்டிக்கொண்டே போக ஒரு வழி. இது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் நோய் இல்லை, உடம்பின் எச்சரிக்கை. அதைப் பார்த்து உறுப்பையே வெட்டி எடுப்போமா?

அப்போ என்ன வரிசையில் தேடணும்? இதை சேவ் பண்ணி வச்சுக்கோங்க.

1. ஹிஸ்டரி. எப்போ ஆரம்பிச்சது? குளிர்ந்திருக்கும்போதா, சூடானதுமா? கடைசியா ஆயில் மாற்றியது எப்போ, எந்த ஆயில்?

2. ஸ்கேன். ஃபால்ட் கோடு எடுங்க. அது தெருவைத்தான் காட்டும், வீட்டு நம்பரை இல்லை. "ஸ்பீடு சென்சார்" என்று வந்தால் சென்சாரும் காரணமாகலாம், வயரும் காரணமாகலாம்.

3. ஆயில். அளவு, நிறம், வாடை. ஹைவேயில் மிதமாகப் போகும்போது சின்னச் சின்ன வேகத்தடைகள் மேல் ஓடுவது போல அதிர்ந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கா என்று கட்டாயம் பாருங்க. ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் கூலரும் இருக்கும் கார்களில் இரண்டும் உள்ளே கலக்க வாய்ப்பு உண்டு.

4. கனெக்டர், வயர், கம்ப்யூட்டர் பிளக். எண்ணெய் ஈரம் இருக்கா? அடுத்து கண்டக்டர் பிளேட். கீழ்த்தட்டைக் கழற்றினாலே அங்கே கை எட்டிவிடும், மொத்தப் பெட்டியையும் இறக்கத் தேவையில்லை.

5. கடைசியில்தான் கியர்பாக்ஸை இறக்குவது.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். எண்ணெய் கருகி, கீழ்த்தட்டில் உலோகத் துகள்களும் கிளட்ச் பிளேட் துணுக்குகளும் கிடந்தால் ஆபரேஷன்தான். புது ஆயில் ஊற்றினால் தேய்ந்த பிளேட் திரும்ப வளராது. சில நோயாளிகளை வயிற்றைத் திறந்துதான் காப்பாற்ற முடியும். ஆனால் முதல் நான்கு படி முடிஞ்ச பிறகுதான் அந்த முடிவு.

கப்பலில் ஆரம்பித்து, டாங்கியில் ஓடி, திமிங்கலத்தைத் தாண்டி, கம்ப்யூட்டருக்கு வந்த இந்தப் பெட்டி எவ்வளவோ மாறிவிட்டது. தேடும் வரிசை மட்டும் மாறவே இல்லை.

உங்க வீட்டில் பழைய ஆட்டோமேட்டிக் கார் இருந்தால், "மொத்தமா மாத்தணும்" என்று கேட்டதும் தலையாட்டாதீங்க. மூணே கேள்வி கேளுங்க: கோடு என்ன வந்தது? ஆயில் எப்படி இருந்தது? கனெக்டரைக் கழற்றிப் பார்த்தீங்களா?

மூணுக்கும் பதில் சொல்கிறவர் நல்ல வைத்தியர். அவரை விட்டுடாதீங்க. பதில் இல்லைன்னா செகண்ட் ஒப்பீனியன் வாங்குங்க. காருக்கும்தான்.

தேவைப்படும் நண்பர்களுக்குப் பகிருங்க.