மலையில் வேலையா, மழையில் வேலையா?

இலங்கையின் இரத்தினபுரி மாவட்டத்தில் கொடகவெலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மலை என்றால் குன்று மட்டுமன்று. அன்றைக்குக் கொழுந்து எடுக்கிற இடமும் மலைதான். 'மலையில் வேலை' என்பதை 'மழையில் வேலை' என்று எழுதிவிட்டால் கணினியும் கண்டுபிடிக்காது, வாசிப்பவரும் கண்டுபிடிக்கமாட்டார். இரண்டுமே அங்கே அன்றாடம் நடப்பவை. அரைப்பேரும் அப்படித்தான். கேட்ட கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் செக்ரோல் என்னும் சம்பளப் பதிவேட்டில் பாதிநாள் பேர் விழும். 'அறைப்பேர்' என்று எழுதினால் அந்தப் பாதி தொலைந்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் படிப்பறிவின்மையைக் காரணம் காட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்கும், பிறகு தேயிலைக்கும் இறப்பருக்குமாகத் தமிழகத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் வாய்த்தமிழோடு வந்தார்கள். எழுத்து தோட்டத் துரையிடமும் கணக்கப்பிள்ளையிடமும் இருந்தது. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையில் தொழிலாளியின் கடனைச் சொன்ன தாளைக்கூட அவர் எழுதவில்லை. தோட்டப் பள்ளிகளோ நெடுங்காலம் தொடக்க வகுப்புகளோடு நின்றன. 1970களில்தான் அரசு அவற்றை ஏற்கத் தொடங்கியது. ழகரத்தையும் றகரத்தையும் நாக்கு கைவிட்டபின் அவற்றைக் கண்ணால் பழகவும் வழியில்லாமல் போயிற்று.

நாக்கு விட்டதை எழுத்தும் விட்டால் என்ன என்று கேட்கலாம். விட்டால் மலையும் மழையும் ஒன்றாகிவிடும். சிங்களத்திலும் ல-ள, ந-ண பேச்சில் ஒன்றுதான், எழுத்தில் வேறு. அதைப் பொதுவழக்கு சுமையென்று கழற்றிவிடவில்லை. தன் எழுத்தைத் தானே திருத்துகிறவர் காதை நம்பாமல் சொல்லின் உறவைத் தேடவேண்டும்: அரைவாசியின் ரகரமே அரைப்பேரிலும் வரும்; குறைவின் றகரமே குறைந்த கூலியிலும் வரும். குரைப்பது நாய். ஒற்றுக்கும் பொருளே சாட்சி. கங்காணி 'வேலை கொடுத்தார்' என்றால் பணி. 'வேலைக் கொடுத்தார்' என்றால் முருகன் கையிலுள்ள ஆயுதம்!

அப்படியானால் பெரட்டு, லயம், கவ்வாத்து போன்ற தோட்டச் சொற்கள் எல்லாவற்றையும் திருத்திவிடலாமே என்பார்கள். இது வேறு வழக்கு. 'பரேட்' பெரட்டானதும் வரிசை வீடுகளின் 'லைன்' லயமானதும் காதின் பிழையல்ல, புதிய பொருளுக்குக் கிடைத்த பெயர்கள். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. பெரட்டுக்களத்தைப் 'புரட்டுக்களம்' என்று திருத்தினால் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம் மோசடிக் களமாகிவிடும் (சிலர் இரண்டும் ஒன்றுதான் என்று சிரிக்கக்கூடும்). கவ்வாத்தைக் 'கத்தரித்தல்' ஆக்குவதும் போதாது: சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைத் தாழ வெட்டி, கொழுந்து எடுக்கத் தோதான உயரத்தில் மறுபடி தளிர்க்கவிடும் வேலை அது. தோட்டத்தில் யாரும் அதைக் கத்தரிப்பதாகச் சொல்வதில்லை.